சுடப் பழக்கலாம், சண்டைக்குப் பழக்கலாமோ?

வடலி (கோண்டாவில்) எழுதியது:

வணக்கம் உறவுகளே. அக்கான்ர மகன் சுவிசில ஆமிப் பயிற்சி முடிச்சிட்டு லீவுக்கு வந்து நிக்கிறான். அங்க பிரஜாவுரிமை எடுத்த ஆம்பிளைப் பெடியள் போகத்தான் வேணும், 18 கிழமை. நேற்று ராத்திரி முத்தத்தில இருந்து லேசர் அங்கி போட்டுச் சண்டை பிடிச்ச கதை சொன்னான். துவக்கை அழுத்தினா லேசர் போகுமாம், மற்றவன்ர அங்கியில பட்டா அது கீச்செண்டு கத்துமாம், அவன் செத்ததெண்டு கணக்கு. அம்மா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "செத்தவங்களும் பிறகு உங்களோட வந்து சாப்பிடுறவங்களோ?" எண்டு கேட்டா. பெடியன் விழுந்து விழுந்து சிரிச்சான்.

அதில இருந்துதான் இந்தக் கேள்வி. உண்மையான சண்டை எப்பிடி இருக்கும் எண்டதுக்கு ஒருத்தனை முன்கூட்டியே தயார்ப்படுத்த ஏலுமோ? எந்த நாட்டு ஆமி எண்டாலும் பரவாயில்லை. அரசியலை விட்டிட்டுப் பயிற்சியைப் பற்றி மட்டும் கதைப்பம்.

கொக்குவிலான் எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு அரசியல் இல்லாமல் ஆமியைப் பற்றிக் கதைக்கிறதோ? சரி, எத்தினை பதிவுக்குத் தாங்குதெண்டு பாப்பம். நான் முன்வாங்கில இருக்கிறன்.

கீரிமலைக்காற்று எழுதியது:

வடலி தம்பி, நல்ல கேள்வி. இந்தக் கவலை இராணுவங்களுக்கே நெடுங்காலமாக உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்க இராணுவ வரலாற்றாளர் எஸ். எல். ஏ. மார்ஷல் என்பவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். சண்டைக்குள் நின்ற காலாட்படையினரில் நாலில் ஒருவர்கூடத் தன் துவக்கால் சுடவில்லை என்றார். 1980களில் ஆய்வாளர்கள் அவருடைய குறிப்புகளைக் கிளறிப் பார்த்தபோது அந்தக் கணக்குக்குச் சரியான ஆதாரம் அகப்படவில்லை. ஆனால் அதற்கிடையில் பயிற்சி முறையே மாறிவிட்டது. முன்பு வட்டம் கீறிய பலகையை நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவார்கள். 1950களில் அமெரிக்கர் மனித உருவில் இலக்குச் செய்து, அது பற்றைக்குள்ளிருந்து திடீரென்று எழும்பவும் குண்டு பட்டதும் விழவும் வைத்தார்கள். யோசிக்க முதல் விரல் அசைய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பிரித்தானியர் இன்னொரு வழியும் பார்த்தார்கள். 1942 அளவில் அவர்களுடைய சண்டைப் பள்ளிகளில் கசாப்புக் கடை இரத்தத்தை ஊற்றி, எதிரியை வெறுக்கச் சொல்லிக் கத்திப் பழக்கினார்கள். மனநல வைத்தியர்கள் இதனால் பயன் இல்லை என்று எதிர்க்க, அந்த ஆண்டிலேயே கைவிட்டுவிட்டார்கள். இரத்தத்தைக் காட்டினால் சண்டையைக் காட்டியதாகும் என்று நினைத்தது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம்!

வேலூர்க்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போவேன், இது நம்ம சப்ஜெக்ட்டுங்கறதால எழுதறேன். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆனவன். ரிக்ரூட் டிரெய்னிங் நீலகிரி வெலிங்டன்ல.

எங்க ஆர்மியில 'பேட்டில் இனாகுலேஷன்'னு ஒண்ணு உண்டு. முள்கம்பிக்கு அடியில ஊர்ந்து போகணும், தலைக்கு மேல நிஜ குண்டு போகும். டெமாலிஷன் சார்ஜ் பக்கத்திலேயே வெடிக்கும். அங்க தான் ஒரு விஷயம் புரிஞ்சது. நம்மள தாண்டி போற குண்டு ரெண்டு சத்தம் போடும். முதல்ல காதுகிட்ட சாட்டை சொடுக்கின மாதிரி 'டப்'. அது குண்டு காத்தை கிழிக்கிற சத்தம். அப்புறம் தூரத்துல 'தும்'. அது தான் துப்பாக்கி சத்தம். குண்டு ஒலியைவிட வேகமா வர்றதால இப்படி. புதுசா வர்ற பையன் முதல் சத்தத்தை கேட்டு அந்த பக்கம் திரும்புவான். பழகினவன் அதை விட்டுட்டு ரெண்டாவது சத்தத்துக்கு காது கொடுப்பான். ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளியோ அதை வெச்சு எவ்வளவு தூரத்துல சுடறான்னு சொல்லிடுவான். இதை போர்டுல எழுதிப் போட்டா தலையில ஏறாது. அந்த கம்பிக்கு அடியில படுத்தா ஒரே நாள்ல ஏறும்.

அதனால என் பதில், முழுசா முடியாது, ஆனா கணிசமா முடியும்.

பனங்குத்தி (இணுவில்) எழுதியது:

வேலூர் அண்ணை எழுதினதை வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வேற ஏதோவும் வந்தது. எங்களுக்கு உந்தக் கம்பியும் இல்லை, மாஸ்ரரும் இல்லை. 90ஆம் ஆண்டு நான் ஆறாம் வகுப்பு. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நடக்குது. செல் (பீரங்கிக் குண்டு) குத்துற சத்தம் கேட்டதும் அது வந்து விழ முதல் பங்கருக்குள்ள நிக்க வேணும் எண்டது வகுப்பில எல்லாருக்கும் தெரியும். மேலால கூவிக்கொண்டு போனா அது எங்களுக்கில்லை. ஹெலி, பொம்மர், அவ்ரோ, சகடை எண்டு மேல வாற பிளேன் எல்லாத்தையும் சத்தத்திலயே பிரிப்பம். சகடை எண்டா நேரம் இருக்கு, அது ஆறுதலாச் சுத்தும். பொம்மர் எண்டா நேரமில்லை. என்ர தம்பிக்கு அப்ப நாலு வயசு, அவனும் சொல்லுவான்.

பங்கரும் அப்பிடித்தான். முதல் எல்லாரும் நேராய் ஒரு குழி கிண்டினம். பிறகு ஆரோ சொல்லித் தெரிஞ்சது, வாசலுக்கு நேரே வெடிச்சா சன்னம் நேரா உள்ளுக்கு வரும் எண்டு. ஒரு மாசத்துக்குள்ள ஊரெல்லாம் 'ட' மாதிரி வளைச்சுக் கிண்டத் தொடங்கீட்டுது. மேல பனங்குத்தி அடுக்கி, அதுக்கு மேல உரப்பையில மண். எந்த எஞ்சினியரும் வந்து படிப்பிக்கேல்லை.

ஆகவே பயிற்சி இல்லாமலும் பழகலாம். ஆனா முதல் செல்லில செத்த ஆக்கள் பழக இல்லையே.

கீரிமலைக்காற்று எழுதியது:

பனங்குத்தியின் கடைசி வரிதான் விசயம். அமெரிக்க விமானப்படை வியட்நாம் அனுபவத்தைக் கணக்குப் பார்த்தபோது, முதல் பத்துப் பறப்புகளில் தப்பிய விமானி அதற்குப் பிறகு தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடியது என்று கண்டார்கள். அந்த முதல் பத்தையும் உயிர்ச்சேதம் இல்லாமல் ஊரிலேயே பறக்க வைத்துவிட்டால் என்ன என்று யோசித்து, 1975இல் நெவாடாவில் 'ரெட் ஃபிளாக்' பயிற்சியைத் தொடங்கினார்கள். எதிரியைப் போலவே பறப்பதற்கென்று தனி அணியும் வைத்தார்கள். 1980களில் தரைப்படையும் கலிபோர்னியாப் பாலைவனத்தில், ஃபோர்ட் இர்வினில், இதையே செய்தது. வடலி, உங்கள் மருமகன் போட்ட லேசர் அங்கியின் மூத்த அண்ணன் அங்கேதான் பெரிய அளவில் பயன்பட்டது. அங்கே போகும் படையணிகள் பெரும்பாலும் தோற்றுத்தான் திரும்பும். தோற்றபின் பெரியவர் சின்னவர் இல்லாமல் எல்லாரும் இருந்து, எங்கே பிழைத்தது என்று பேச வேண்டும். லேசரைவிட அந்தப் பேச்சுத்தான் பெரிய கண்டுபிடிப்பு என்பேன். ஒரு சாதாரண சிப்பாய் தன் கேணலைப் பார்த்து "நீங்கள் பிந்தி உத்தரவு தந்தீர்கள்" என்று சொல்வதை எங்களுடைய பாடசாலை ஆசிரியர் கூட்டத்தில்கூட நான் கண்டதில்லை.

நிஜத்துக்குக் கிட்டப் போகப் போக விலையும் ஏறும். 1944 ஏப்ரல் 28ஆம் திகதி நோர்மண்டித் தரையிறக்கத்துக்கு இங்கிலாந்துக் கரையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்களுக்குள் ஜேர்மன் படகுகள் புகுந்து, 700க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தனையும் ஒத்திகையில்.

ஆல்ப்ஸ்காரன் (சூரிச்) எழுதியது:

நானும் அந்த 18 கிழமை போனனான். என்ர தமிழ் எழுத்தில பிழை இருந்தால் மன்னியுங்கோ, அம்மா பாத்துத் திருத்தினவா.

லேசர் விளையாட்டு முதல் நாள் நல்லா இருக்கும். உண்மையில அது ஒண்டுமில்லை. எனக்குப் பிடிபட்டது நித்திரை இல்லாத ராத்திரியளில. மழைக்க நடந்து, ரெண்டாம் நாள் விடிய வரைபடத்தைப் பாக்கேக்க கண் பாக்குது, மூளை வாசிக்குதில்லை. சாதாரணமா நான் கெட்டிக்காரன். அண்டைக்கு ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் பிழைச்சுது. எங்கட மாஸ்ரர் அதுக்குத்தான் இதைச் செய்யிறது எண்டார். களைச்ச நேரத்தில நீ ஆர் எண்டு உனக்கே தெரிய வேணுமாம்.

உண்மையான கைக்குண்டு எறியிற நாளில வாய் காய்ஞ்சு போச்சு. பக்கத்தில நிண்ட பயிற்சிக்காரர் கத்தினது எனக்குக் கேக்கேல்லை. காது நல்லாத்தான் இருந்தது, மூளைதான் உள்ளுக்கு விடேல்லை. பிறகு வாசிச்சுப் பாத்தன், பயம் கூடினா பார்வை குழாய்க்குள்ளால பாக்கிற மாதிரிச் சுருங்குமாம், சத்தம் அடங்குமாம், விரல் நுணுக்க வேலை செய்யாதாம். அதாலதான் துவக்கைக் கழட்டிப் பூட்டுறதை ஆயிரம் தரம் செய்விக்கினம்.

ஆனா ஒண்டு. அங்க எல்லாத்துக்கும் விசில் இருக்கு. ஆருக்கும் அடிபட்டா விசில் அடிச்சு நிப்பாட்டுவினம். எவ்வளவு பயந்தாலும் தலைக்குள்ள ஒரு மூலையில அந்த விசிலை நம்பிக்கொண்டுதான் இருப்பம்.

வடலி எழுதியது:

தம்பி, உங்கட தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கும் வணக்கம் சொல்லுங்கோ.

கொக்குவிலான் எழுதியது:

எல்லாம் நல்லாய்த்தான் போகுது. ஆனா ஒருத்தரும் தொடாத விசயத்தை நான் தொடப் போறன், மட்டுறுத்துநர் அண்ணை கோவிக்காதேங்கோ.

1987 ஒக்ரோபர் 11 ராத்திரி, எங்கட வீட்டில இருந்து கூப்பிடு தூரத்தில, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில ஹெலியில இந்தியன் ஆமியை இறக்கினவை. சீக்கிய இலகு காலாட்படையின்ர முப்பது பேர் வரையில இறங்கினதில ஒருத்தர்தான் உயிரோட பிடிபட்டது. உலகத்தில பெரிய ஆமியளில ஒண்டு, பயிற்சி இல்லாத ஆக்கள் எண்டு சொல்லேலாது. பத்து நாள் கழிச்சு, தீபாவளியண்டு, அதே ஆமி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள்ள பூந்து வைத்தியர், தாதிமார், நோயாளர் எண்டு 60க்கு மேற்பட்ட சனத்தைச் சுட்டது. இண்டைக்கும் ஒவ்வொரு வருசமும் ஆஸ்பத்திரியில விளக்குக் கொளுத்தினம்.

வேலூர் அண்ணை, உங்களைக் குத்திக் கேக்கேல்லை. ஆனா அந்தப் பயிற்சி எல்லாம் அண்டைக்கு எங்க போனது?

மட்டுறுத்துநர்:

இழை நிதானமாகப் போகிறது, அப்படியே போகட்டும். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதும்போது மரியாதை குறையக் கூடாது. இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஏன் என்று எழுதியவர்களுக்குத் தெரியும்.

வேலூர்க்காரன் எழுதியது:

கொக்குவிலான் தம்பி, கேட்டது தப்பில்ல. நான் சேர்ந்தது அதுக்கு அப்புறம். ஆனா எங்க யூனிட் சுபேதார் மேஜர் அங்க இருந்துட்டு வந்தவர். சாராயம் உள்ள போனா மட்டும் தான் யாழ்ப்பாணம்னு பேச்சு எடுப்பார்.

அவர் சொன்னதை வெச்சு சொல்றேன். அன்னைக்கு இருந்த பட்டாளத்துக்கு பஞ்சாப் சமவெளியில டாங்கியோட போற சண்டையும் மலைச் சண்டையும் தான் பழக்கம். மதிலும் ஒழுங்கையுமா இருக்கிற ஊர்ல, வீட்டுக்கு வீடு சனம் இருக்கிறப்போ எப்படி போகணும்னு பழக்கினதில்ல. அமைதி காக்க போறோம்னு ஜூலை கடைசியில வந்தாங்க. அக்டோபர்ல அதே ஆளுங்களை சண்டைக்கு போன்னு சொன்னாங்க. எதிரி எங்கேன்னு தெரியாது, பாஷை தெரியாது, பக்கத்துல நின்னவன் செத்து விழுந்துட்டான். இது காரணம் தான், நியாயம்னு நான் சொல்ல வரல. ஆஸ்பத்திரியில நடந்ததுக்கு டிரெய்னிங் பத்தலன்னு சொல்லி தப்பிக்க முடியாது.

எங்க ரெஜிமென்ட் போர்க் குரலே "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு"ன்னு நம்ம பாஷையில தான் இருக்கும். அதை யாழ்ப்பாணத்துல இருந்து ஒருத்தர் கேட்டா எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் யோசிக்கிறேன்.

அப்புறம் நிறைய மாறுச்சு. காஷ்மீருக்கு போற ஒவ்வொரு யூனிட்டும் முதல்ல அங்க இருக்கிற பேட்டில் ஸ்கூல்ல பயிற்சி முடிச்சா தான் மேல விடுவாங்க. மிசோரம் வைரங்டேயில கிளர்ச்சி எதிர்ப்புக்குன்னே ஸ்கூல் இருக்கு. அது 1970-ல இருந்தே இருக்குங்கறது தான் வேதனை. இருந்தும் 87-ல வந்தவங்களுக்கு அது பத்தல.

கொக்குவிலான் எழுதியது:

நேராச் சொன்னதுக்கு நன்றி அண்ணை. நான் இனிக் கேக்கமாட்டன்.

மிசி அக்கா எழுதியது:

நான் ஓய்வு பெற்ற தாதி. துவக்குக் கதைக்குள்ள ஆஸ்பத்திரிக் கதையும் கொஞ்சம் வரட்டும்.

கால் கையில காயப்பட்டு இரத்தம் போயே செத்த ஆக்கள் எத்தினை பேர் எண்டு எனக்குத்தான் தெரியும். கட்டின ஆக்களும் பிழையாக் கட்டித்தான் கொண்டு வருவினம். சாரத்தைக் கிழிச்சு, காயத்துக்கு மேல வளையல் மாதிரிச் சும்மா ஒரு சுத்து. உது கட்டு இல்லை. மூட்டு இல்லாத இடத்தில, காயத்துக்கு மேல நாலு விரல் அளவு தள்ளி, அகலமான துணியைச் சுத்தி, அதுக்குள்ள ஒரு தடியைக் குடுத்து முறுக்க வேணும். இரத்தம் நிக்கும் வரைக்கும் முறுக்க வேணும். காயக்காரர் வலியில கத்துவார், அதைப் பாத்துப் பாவப்பட்டுத் தளத்தக் கூடாது. கட்டின நேரத்தை நெத்தியில எண்டாலும் எழுதி விட வேணும்.

முந்தி அமெரிக்க ஆமியே உதைக் கடைசி வழி எண்டுதான் படிப்பிச்சது. 1990களில அவையின்ர வைத்தியர்கள் அதைத் தலைகீழா மாத்தினவை. ரேஞ்சர் ரெஜிமென்ற் எண்ட அவையின்ர அதிரடிப் படையில வைத்திய உதவியாளர் மட்டுமில்லை, சமையல்காரர் வரைக்கும் எல்லாரும் படிக்க வேணும் எண்டு கட்டாயமாக்கினவை. 2001இல இருந்து 2010 வரைக்கும் அந்த ரேஞ்சர்மாரின்ர சாவுகளை ஆராய்ஞ்சு 2011இல ஒரு கட்டுரை வந்தது. தடுத்திருக்கக்கூடிய சாவு 3 வீதம்தான். எந்தத் துவக்குப் பயிற்சியும் இவ்வளவு உயிரைக் காப்பாத்தியிருக்காது.

பிரித்தானியாவில காயக்காரரா நடிக்கவெண்டு உண்மையிலேயே கால் இல்லாத ஆக்களைக் கூப்பிட்டு, செயற்கை இரத்தம் பூசிப் படுக்க வைக்கிறவையாம். 2022க்குப் பிறகு உக்ரேன் ஆக்களுக்கு அங்க குடுத்த ஐஞ்சு கிழமைப் பயிற்சியிலயும் காயத்துக்குக் கட்டுப் போடுறது முக்கிய பாடமா இருந்தது.

ஐஞ்சு கிழமை எண்டு எழுதேக்க இன்னொண்டு ஞாபகம் வருது. வன்னியில கடைசி வருசங்களில வீட்டுக்கு ஒராள் எண்டு பிடிச்சுக்கொண்டு போன பிள்ளையளுக்கு அந்தளவும் கிடைக்கேல்லை. அதுக்கு மேல நான் எழுதேல்லை.

வடலி எழுதியது:

மிசி அக்கா, பெல்ற்றால கட்டினா சரிவராதோ?

மிசி அக்கா எழுதியது:

சாதாரண இடுப்புப் பெல்ற்றைப் போதியளவு இறுக்கேலாது, தடி குடுத்து முறுக்கவும் வளையாது. துணி கிடைக்கும் வரைக்கும் கையால அமத்திப் பிடியுங்கோ, முழங்காலை வைச்செண்டாலும் அமத்துங்கோ.

கீரிமலைக்காற்று எழுதியது:

கொக்குவிலான் கேட்ட கேள்வியை நான் விடப்போவதில்லை. சுட வைப்பதற்கு எழுபது வருடமாகப் பலகை செய்தார்கள். சுடாமல் நிற்கப் பழக்குவதற்கு எவ்வளவு செய்தார்கள்? துவக்கோடு ஒருவன், குழந்தையோடு ஒருத்தி, கையில் தொலைபேசியோடு ஒருவன் என்று மாறி மாறி எழும்பும் பலகைகள் வந்தன. ஈராக் போர் தொடங்கிய பிறகு ஃபோர்ட் இர்வினில் பொய்க் கிராமங்கள் கட்டி, அமெரிக்காவில் வாழும் ஈராக்கியரைச் சம்பளத்துக்கு வைத்துக் கடைக்காரராகவும் கிராமத் தலைவராகவும் நடிக்கவிட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நடிக்க வந்தவருக்கும் மாலையில் வேலை முடியும் என்று தெரியும்.

இன்னொரு ஆய்வு. சிறைபிடிபட்டால் தாக்குப்பிடிக்கப் பழக்கும் முகாமொன்றில், 500க்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினரைக் கடும் விசாரணைக்கு உட்படுத்தி, ஒரு நாள் கழித்து உங்களை விசாரித்தவர் யார் என்று கேட்டார்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்தவரையே பலர் பிழையாகக் காட்டினார்கள். பயிற்றப்பட்டவர்களுக்கே இந்த நிலை என்றால், இருட்டில் ஒழுங்கையில் ஓடுகிற ஆளை ஒரு கணத்தில் யாரென்று எடைபோடச் சொல்வது எவ்வளவு பெரிய கேள்வி!

பனங்குத்தி எழுதியது:

கீரிமலை மாஸ்ரர் சொன்ன பொய்க் கிராமத்தில என்ன குறை எண்டு நான் சொல்லுறன். அங்க நடிக்கிற சனம் ஒழுங்காப் பயப்படுறவை. கையைத் தூக்கு எண்டா தூக்குவினம், ஓடு எண்டா ஆமிக்கு எதிர்ப்பக்கமா ஓடுவினம். உண்மையான சனம் அப்பிடி இல்லை.

செல் விழுந்துகொண்டிருக்கேக்க எங்கட பெரியப்பா பங்கரால வெளிக்கிட்டு மாட்டை அவிழ்த்துவிடப் போனவர். கட்டினபடி செத்தா பாவம் எண்டு. குனிஞ்சு குனிஞ்சு வேலியோட போற ஆளைத் தூரத்தில இருந்து பாத்தா என்னெண்டு நினைப்பாங்கள்? இடம்பெயரேக்க சனம் பாதி வழி போய்த் திரும்பி வரும். காணி உறுதி, நகை, பிள்ளையின்ர சேட்டிபிக்கற், ஏதோ ஒண்டு மறந்திருக்கும். ஆமி வாற பக்கத்துக்கே திரும்பி ஓடி வரும். கிழடுகள் வீட்டை விட்டு வராதுகள், கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளுக்க இருக்குங்கள், தட்டினா திறக்காதுகள். காது கேளாத ஆளுக்கு நில் எண்டா என்ன, போ எண்டா என்ன. அதுவும் ஹிந்தியிலயோ சிங்களத்திலயோ கத்தினா காது கேக்கிறவனுக்கும் விளங்காது. விளங்கேல்லை எண்டா சனம் கிட்ட வந்து கேக்கும். கையில ரோச் லைற் இருந்தா அதையும் அடிச்சுப் பாக்கும்.

ஆமிக்குப் படிப்பிச்சதின்படி இந்த ஒவ்வொண்டும் சந்தேகம்தான். ஆனா எங்களுக்கு இதுதான் சாதாரணம். வட்டப் பலகையை மாத்தினதோட காணாது, சனத்தையும் சரியாச் செய்ய வேணும். நில் எண்டா நில்லாமல் வாறவனை ரெண்டாந்தரம் பாக்கப் பழக்க வேணும்.

ஆல்ப்ஸ்காரன் எழுதியது:

எங்களுக்குப் போர்ச் சட்டம் ஒரு வகுப்பு எடுத்தவை. ஜெனீவா எங்கட நாட்டில இருக்கிறதால அதைப் பெருமையாச் சொல்லிச் சொல்லி எடுத்தவை. மாட்டை அவிழ்க்கப் போற ஆளைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

வேலூர்க்காரன் எழுதியது:

பனங்குத்தி, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எங்களுக்கும் ஊர் சனமா நடிக்க எங்க பசங்களையே தான் விடுவாங்க. அவனுங்க சிரிச்சிட்டே கையை தூக்குவானுங்க. கூட இருந்த ஒருத்தர் இப்போ ஒரு பேட்டில் ஸ்கூல்ல இன்ஸ்ட்ரக்டரா இருக்கார். நீங்க சரின்னா இதை அவருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். பேர் ஊர் எதுவும் போட மாட்டேன்.

பனங்குத்தி எழுதியது:

அனுப்புங்கோ அண்ணை. ஹிந்தியில மாத்தேக்க சுருக்கிறன் எண்டு மாட்டைத் தூக்கிப் போடாதேங்கோ. பெரியப்பா தப்பினதுக்குக் காரணமே ஒரு ஆமிக்காரன் அவர் அவிழ்த்துவிட்ட மாட்டைக் கண்டதுதான்.